ஆள் போயாச்சு, சீட் இன்னும் ஓடுது: ரிமோட் நிறுவனத்தில் லைசென்ஸ் பணம் ஒழுகும் இடங்கள்

எங்கள் தெருவில் சீட்டு பிடிக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். இருபது பேர் சீட்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்று, அவ்வளவுதான் அவருடைய ஆபீஸ். யார் எடுத்தாச்சு, யார் பாதியில் கழன்றுகொண்டார், அவர் இடத்தில் யார் வந்தார் என்று எப்போது கேட்டாலும் நோட்டைப் பிரிக்காமலே சொல்வார். அதே பழைய வண்ணாரப்பேட்டையில், மூன்றாவது மாடியில் உட்கார்ந்து ஒரு நிறுவனத்தின் கணக்கையும் ஐடி வேலையையும் பார்க்கிற எனக்கு, எங்கள் மென்பொருள் சீட்டுகளைப் பற்றி, அதாவது ஆளுக்கு ஒன்று என்று காசு கட்டி வாங்கும் லைசென்ஸ்களைப் பற்றி, அதே கேள்வி வந்தபோது பதில் சொல்ல ஒரு வாரம் ஆனது.

2020 ஊரடங்கில் தண்டையார்பேட்டை ஆபீஸைக் காலி செய்தோம். அதிலிருந்து ஆளுக்கு ஒரு மூலை. ஒருவர் விம்கோ நகர், ஒருவர் வியாசர்பாடி, சிலர் சொந்த ஊருக்கே போய்விட்டார்கள். வாடகை மிச்சம் என்று மகிழ்ந்த முதலாளி ஒருநாள் பெரம்பூரிலிருந்து கூப்பிட்டார். "என்னம்மா இது, சம்பளம் வாங்குறது முப்பத்திரண்டு பேரு. மெயிலுக்கு நாப்பத்தி மூணு பேருக்குப் பணம் கட்றோம். மீதிப் பதினோரு பேரு யாரு?"

ஆபீஸ் இருந்தவரை ஆள் போனால் நாற்காலி காலியாகக் கிடக்கும், கண்ணில் படும். வீட்டிலிருந்து வேலை என்று ஆன பிறகு காலி நாற்காலியே கிடையாது. பில்லில் ஒரு எண் மட்டும் குறையாமல் நிற்கும். அந்த எண்ணைப் பிடித்துப் பின்னோக்கிப் போன வழியைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பில்லில் எது தெரிகிறதோ அங்கே போங்கள்.

தொடங்கும் முன் மூன்று பட்டியல் வேண்டும். இந்த மாதச் சம்பளப் பட்டியல். ஒவ்வொரு மென்பொருளின் அட்மின் பக்கத்திலிருந்து இறக்கிய யூசர் பட்டியல். பிறகு கார்டு, வங்கி ஸ்டேட்மென்ட், பதின்மூன்று மாதத்துக்கு. பன்னிரண்டு எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். வருடச் சந்தா வருடத்துக்கு ஒரே நாள்தான் தலைகாட்டும். பிடித்தம் ஐந்தாறு நாள் முன்பின் நகர்ந்திருந்தால் பன்னிரண்டு மாதக் கணக்கில் நழுவிவிடும்.

அறிகுறி: ஆட்கள் குறைந்தார்கள், பில் குறையவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், நானும் இங்கேதான் மாட்டினேன். எங்கள் பதினோரு பேரில் ஏழு பேர் வேலையை விட்டுப் போனவர்கள். ஏழு பேர் கணக்கையும் போன அன்றே சஸ்பெண்ட் செய்து, அதாவது முடக்கி வைத்திருந்தேன். கடமை முடிந்தது என்று நினைத்தேன். கம்பெனி மெயிலுக்கு நாங்கள் பயன்படுத்தும் கூகுள் வொர்க்ஸ்பேஸில் சஸ்பெண்ட் செய்த கணக்குக்கும் வேலை செய்யும் கணக்குக்கு வாங்கும் அதே கட்டணம்தான். பூட்டுப் போட்டால் வாடகை நின்றுவிடாது, வீட்டைக் காலி செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்துவோருக்கும் இதே கதை: சைன் இன்னைத் தடுத்தால் ஆள் உள்ளே வர முடியாது, லைசென்ஸ் மட்டும் அவர் பெயரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைத் தனியாகக் கழற்ற வேண்டும்.

ஒரு சீட் மாதம் 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதினோரு சீட்டுக்கு மாதம் 7,700. வருடத்துக்கு 92,400. எதற்கென்றே தெரியாமல் போகிற பணம்.

ஆத்திரத்தில் உடனே நீக்கிவிடாதீர்கள். வரிசை முக்கியம். கூகுளில் ஒருவரை நீக்கும்போது அவருடைய டிரைவ் கோப்புகளை வேறொருவருக்கு மாற்றவா என்று அதே திரையிலேயே கேட்கும், மாற்றிவிடுங்கள். பழைய மெயில்கள் அப்படிக் கூடவே போகாது. அவற்றை நீக்குவதற்கு முன்பே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். நீக்கிய கணக்கை 20 நாளுக்குள் மீட்கலாம், அதன் பிறகு வராது. போனவரின் முகவரிக்கு வாடிக்கையாளர்கள் இன்னும் மெயில் அனுப்புவார்கள் என்றால், நீக்கிய பிறகு அந்த முகவரியை அவருடைய மேலாளரின் கணக்கில் மாற்றுப் பெயராக, அதாவது ஏலியஸாகச் சேர்த்துவிடுங்கள். ஒருவர் கணக்கில் 30 ஏலியஸ் வரை வைக்கலாம், காசு கிடையாது. வழக்கு, தணிக்கை என்று மெயிலைப் பல வருடம் காக்க வேண்டிய கணக்கென்றால் மட்டும் குறைந்த விலையில் ஆர்க்கைவ்டு யூசர் லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள்.

மைக்ரோசாஃப்டில் இதைவிட எளிது. போனவரின் மெயில்பெட்டியைப் பலர் பகிர்ந்து பார்க்கும் ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றினால் 50 ஜிபி வரை லைசென்ஸே தேவையில்லை. மாற்றிய பிறகு லைசென்ஸைக் கழற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் 30 நாளில் மெயில்பெட்டி போய்விடும்.

இத்தனையும் செய்தும் பில் குறையவில்லையா? அப்போது நீங்கள் வருட ஒப்பந்தத்தில் இருக்கிறீர்கள். கூகுளின் ஃப்ளெக்சிபிள் திட்டத்தில் ஆளைக் குறைத்தால் பணம் குறையும். வருடத் திட்டத்தில் சேர்க்கலாமே தவிர, ரினியூவல் வரும்வரை குறைக்க முடியாது. அதனால் காலியான சீட்டை அப்படியே வைத்திருந்து அடுத்து வரும் ஆளுக்குக் கொடுங்கள். கையில் மூன்று காலி சீட்டு இருக்கும்போது, புது ஆள் வந்தார் என்று நாலாவது வாங்கிய கூத்தும் எங்களிடம் நடந்திருக்கிறது. வாங்கியது வேறு யாருமில்லை, நான்தான்.

அறிகுறி: பட்டியலில் மனிதர் அல்லாத பெயர்கள்

மீதி நாலு பேர் யாரென்று பார்த்தேன். இன்ஃபோ, சேல்ஸ், அக்கவுண்ட்ஸ் என்று மூன்று பேர். நாலாவது பெயர் ஸ்கேனர். தண்டையார்பேட்டை ஆபீஸில் இருந்த ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்து மெயில் அனுப்புவதற்கென்று யாரோ திறந்த கணக்கு. மெஷினைப் பழைய சாமானுக்குப் போட்டு வருடக்கணக்காகிறது, அதற்கு மாதாமாதம் மெயில் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

பொது முகவரிகளுக்குத் தனிக் கணக்கு வேண்டாம். ஒருவரே பார்ப்பது என்றால் ஏலியஸ், மூன்று நாலு பேர் பார்ப்பது என்றால் குரூப். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஒரே எச்சரிக்கை: அந்தப் பொதுக் கணக்கை வைத்து ஜிஎஸ்டி தளத்திலோ வங்கியிலோ டொமைன் விற்பவரிடமோ பதிவு செய்திருந்தால் ஓடிபி அங்கேதான் போகும். மாற்றிய பிறகு ஒரு ஓடிபி வரவழைத்துப் பார்த்துவிட்டு நீக்குங்கள்.

அறிகுறி: கார்டு ஸ்டேட்மென்ட்டில் புரியாத டாலர் தொகை

ரிமோட் நிறுவனத்தில் யார் வேண்டுமானாலும் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு டிரையல் தொடங்கலாம். பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்து "இது என்னடா புதுசா?" என்று கேட்க ஆள் இல்லை. எங்கள் ஸ்டேட்மென்ட்டில் இப்படி ஒரு தொகை பதினான்கு மாதம் ஓடியிருந்தது. பெயரைத் தேடியதில் கருத்துக்கணிப்பு நடத்தும் ஒரு தளம் என்று தெரிந்தது. அட்மின் யார் என்று பார்த்தால், வேலையை விட்டுப் போன ஒரு தம்பி. போன் போட்டேன்.

"அக்கா, அது இன்னுமா ஓடுது? ஒரே ஒரு ஃபார்முக்காகப் போட்டேன்கா."

பாவம், அவனைத் திட்டிப் பயனில்லை. கம்பெனி மெயில் முகவரி முடங்கிப்போனதால் அவனாலும் உள்ளே போக முடியவில்லை. அந்த முகவரியை என் கணக்கில் ஏலியஸாகச் சேர்த்து, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று போட்டு, வந்த இணைப்பின் வழியாக நுழைந்து ரத்து செய்தேன். இதற்காகவும்தான் பழைய முகவரிகளை ஏலியஸாக வைத்திருக்கச் சொல்கிறேன்.

இப்படி மறைந்து கிடப்பவற்றைத் தேட மூன்று இடங்கள். முதலாவது கார்டு ஸ்டேட்மென்ட். இரண்டாவது மெயில்: இன்வாய்ஸ், ரெசீட், டிரையல் ஆகிய சொற்களைப் போட்டு ஒவ்வொருவரையும் அவரவர் பெட்டியில் தேடச் சொல்லுங்கள், அடுத்தவர் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம். மூன்றாவது கூகுள் அட்மின் கன்சோலில் செக்யூரிட்டி பகுதி. கம்பெனிக் கணக்கைக் கொண்டு யார் எந்த வெளி ஆப்புக்குள் நுழைந்திருக்கிறார்கள் என்று அங்கே பட்டியல் கிடைக்கும். முதல்முறை பார்க்கும்போது சற்றே மயக்கம் வரும்.

ரிசர்வ் வங்கி இந்த விஷயத்தில் நமக்கு ஒரு உபகாரம் செய்திருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல், கார்டில் தானாகப் பிடிக்கும் தொடர் கட்டணங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல் பதிவு வேண்டும், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவலும் வர வேண்டும். 2022 ஜூனிலிருந்து 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. இதில் சிக்கல் என்னவென்றால், அந்த எஸ்எம்எஸ் முதலாளியின் போனுக்குப் போகும், அவர் பார்க்காமல் தள்ளிவிடுவார். இப்போது அவர் அதை எனக்கு ஃபார்வர்டு செய்கிறார். எனக்கு எந்த அறிக்கையும் இந்த அளவுக்கு உதவியதில்லை.

கார்டை முடக்கிவிட்டால் சந்தா ஒழிந்தது என்று நினைக்காதீர்கள். பணம் வராவிட்டாலும் ஒப்பந்தம் உயிரோடு இருக்கலாம், பாக்கி பில் துரத்தும். முதலில் அந்தத் தளத்தில் ரத்து, பிறகு வங்கியில் மேன்டேட்டை, அதாவது தானாகப் பிடிக்கக் கொடுத்த ஒப்புதலை நீக்குவது.

ஊழியர் தன் சொந்தக் கார்டில் கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் வாங்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். இன்வாய்ஸ் அவர் பெயரில் இருக்கும், நம் ஜிஎஸ்டி எண் இருக்காது. 18 சதம் வரியையும் சேர்த்துக் கட்டிவிட்டு, உள்ளீட்டு வரியாக, அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, ஒரு பைசா எடுக்க முடியாது. கம்பெனிக் கணக்கிலும் பில்லிங் பக்கத்தில் ஜிஎஸ்டி எண் பதிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெளிநாட்டு விற்பனையாளர் எண்ணை வாங்கிக்கொண்டு வரி போடாமல் பில் அனுப்பினால், ரிவர்ஸ் சார்ஜில் நாமே 18 சதம் கட்டி, அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மறந்தால் வருடத்துக்கு 18 சத வட்டி. இதோடு வங்கி வாங்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. பல கார்டுகளில் அது 3.5 சதம் வரை போகிறது, அந்தக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி உண்டு. ரூபாயில் பில் தருகிற விற்பனையாளர் என்றால் ரூபாய்க்கே மாறிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ரினியூவல் ஆன பிறகுதான் தெரிகிறது

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை வடசென்னைக்காரர் யாரும் மறந்திருக்க முடியாது. எங்கள் பக்கம் கரண்ட் இல்லை, நெட் இல்லை, தெருவில் முழங்கால் தண்ணீர். போனில் இருந்த கொஞ்ச நஞ்ச சார்ஜை யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கவே வைத்திருந்தோம். அந்த வாரத்தில்தான் ஒரு டிசைன் மென்பொருளின் வருட ரினியூவல் தேதி வந்து போனது. நாலு சீட் தேவைப்பட்ட இடத்தில் ஒன்பது சீட் புதுப்பித்தாகிவிட்டது. விற்பனையாளருக்கு எழுதினேன், விதிமுறையை நகலெடுத்து அனுப்பினார்கள். அவர்கள் மேல் கோபம் வந்தாலும் தப்பு என்னுடையது: நினைவூட்டல் என் லேப்டாப் காலண்டரில் மட்டும் இருந்தது.

வருடச் சந்தா ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேதி குறித்துக்கொள்ளுங்கள், ரினியூவல் தேதியையும், ரத்து செய்யச் சொல்ல வேண்டிய கடைசித் தேதியையும். சில ஒப்பந்தங்களில் இரண்டுக்கும் நடுவே முப்பது நாள், சிலவற்றில் அதற்கும் மேல். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் அடிக்கட்டும், அதுவும் குறைந்தது இரண்டு பேர் காலண்டரில். அந்த இரண்டாவது ஆள் வேறு ஊரில் இருந்தால் இன்னும் நல்லது.

தவறிப்போனால் முதல் வாரத்திலேயே ஓடுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் வாங்கிய அல்லது புதுப்பித்த நாளிலிருந்து 7 நாளுக்குள் சீட்டைக் குறைக்கலாம், எட்டாவது நாள் போனால் ஒப்பந்தம் முடியும்வரை கட்டியாக வேண்டும். அங்கே மாத ஒப்பந்தம் வருட ஒப்பந்தத்தைவிட 20 சதம் அதிகம் என்பதால், வருடத்தை எடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் கணக்கு வேறு: நிச்சயம் இருக்கப்போகிற ஆட்களுக்கு வருடம், ஆறு மாதப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் புராஜெக்ட் முடிந்தால் போய்விடுகிறவர்களுக்கும் மாதம். ஆறு மாத ஆளுக்கு 20 சதம் கூடுதல் கட்டினாலும், மீதி ஆறு மாதம் காலி சீட்டுக்குக் கட்டுவதைவிட அது குறைவுதான்.

அறிகுறி: எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், இருந்தும் பில் எகிறுகிறது

ஆள் சரி, ரகம் தப்பு. ஸ்லீப்பர் போதுமான இடத்தில் ஏசி டிக்கெட்.

ஜூமில் கூட்டம் நடத்துகிறவருக்குத்தான் லைசென்ஸ் வேண்டும், கலந்துகொள்கிறவருக்கு வேண்டாம். முப்பத்திரண்டு பேரில், இலவசக் கணக்கின் எல்லையான நாற்பது நிமிடத்துக்கு மேல் கூட்டம் நடத்துகிறவர்கள் எங்களிடம் நாலே பேர். அந்த நாலு பேரும் கூகுள் மீட்டிலேயே நடத்தலாம், அது நம் வொர்க்ஸ்பேஸ் கட்டணத்திலேயே அடக்கம். மாற்றும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, பதிவு செய்கிறீர்களா என்பது. பிசினஸ் ஸ்டார்ட்டர் திட்டத்தில் மீட் பதிவு கிடையாது, ஸ்டாண்டர்டிலிருந்துதான் உண்டு.

மைக்ரோசாஃப்டில் ஒரே நிறுவனத்துக்குள் பிசினஸ் பேசிக்கையும் ஸ்டாண்டர்டையும் கலந்து வாங்கலாம். கணினியில் நிறுவிய எக்செல் இல்லாமல் என்னால் ஒரு நாள் ஓட்ட முடியாது. டெலிவரி கவனிக்கும் பையனுக்கு பிரவுசரில் திறக்கும் எக்செல் போதும். டிசைன் வரையும் ஃபிக்மாவில் பார்க்கவும் கமென்ட் போடவும் மட்டும் வருகிறவருக்கு இலவச வியூ சீட் போதும். அலுவலக அரட்டைக்கான ஸ்லாக்கில் வெளியாட்களை ஒரே சேனல் விருந்தினராகச் சேர்த்தால், காசு கட்டும் ஒரு உறுப்பினருக்கு ஐந்து பேர் வரை கட்டணம் இல்லை. இரண்டாவது சேனலில் சேர்த்தீர்களோ, முழு சீட் விழும். புரோகிராம் கோடு வைக்கும் கிட்ஹப்பில் அனுப்பிவிட்டு அவர் ஏற்காமல் தொங்கும் அழைப்பும் ஒரு சீட்டைப் பிடித்துக்கொள்ளும், பிரைவேட் ரெப்போவுக்குள், அதாவது பூட்டிய கோடு கிடங்குக்குள் விட்ட வெளியாளும் அப்படியே.

கணக்கெழுதும் டேலியில் வேறு மாதிரிச் சிக்கல். ஆபீஸ் இருந்தபோது ஒரே லேனில், அதாவது ஆபீஸுக்குள் இணைத்த நெட்வொர்க்கில், பல கணினிக்கு என்று கோல்டு லைசென்ஸ் வாங்கியிருப்பீர்கள். இப்போது லேனே இல்லை, கணக்கெழுதுவது ஒரே ஆள். சில்வர் ஒரு கணினிக்கு. டிஎஸ்எஸ் எனும் டேலியின் சேவைச் சந்தாவைப் புதுப்பிக்கும் பில் வரும்போது கையெழுத்துப் போடும் முன் இதை யோசியுங்கள்.

கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்பதை மட்டும் பார்த்து வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிரசவ விடுப்பில் இருக்கிற பெண் ஆறு மாதம் உள்ளே வந்திருக்க மாட்டார். ஆடிட்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். தொண்ணூறு நாள் வராதவர் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரிடமும் ஒரு வரி கேட்டுவிட்டு, ஒரு வாரம் பொறுத்து எடுங்கள். எடுக்கிறேன் என்று சொன்னதும் "ஐயையோ வேணும்கா" என்று பதறுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது எதற்கென்றே தெரியாது. அவர்களிடம் கடைசியாக அதில் செய்த வேலையைக் காட்டச் சொல்வேன்.

அறிகுறி: செலவு சந்தேகப்படும்படி குறைவு

இதுவும் கோளாறுதான். ஒரே லாகினை நாலு பேர் பகிர்ந்துகொண்டிருப்பார்கள். ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே தள்ளப்படுவார். ஓடிபி போகிற போனை வைத்திருப்பவர் மூலக்கடை சிக்னலில் பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பார், மற்ற மூவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் இதற்கு அனுமதியும் இல்லை. வேலையை விட்டு ஒருவர் போனால், பாஸ்வேர்டும் அவரோடு போகும். இதற்குச் சீட் வாங்குங்கள். செலவைக் குறைக்கிறேன் என்று பேக்கப்பிலும் பாஸ்வேர்டு மேனேஜரிலும் கைவைக்காதீர்கள்.

அறிகுறி: வெட்டிய எண்ணிக்கை மூன்றே மாதத்தில் மறுபடி ஏறுகிறது

வாசல் திறந்திருக்கிறது. பல மென்பொருள்களில் எந்த உறுப்பினரும் இன்னொருவரை அழைக்கலாம், அழைத்ததுமே சீட் ஏறும். கம்பெனி மெயில் முகவரி இருந்தால் யாரும் தானாகச் சேரலாம் என்றும் சிலவற்றில் இருக்கும். இரண்டையும் அணைத்து, அட்மின் ஒப்புதல் என்று மாற்றுங்கள்.

பிறகு சீட்டு அக்காவைப் பார்த்து நான் போட்ட நோட்டு. ஷீட்டில்தான் வைத்திருக்கிறேன், ஆனால் பெயர் நோட்டு. மென்பொருள், அதற்குப் பொறுப்பான ஆள், எத்தனை சீட், யார் யார், ரத்து சொல்லும் கடைசித் தேதி, எந்தக் கார்டு. பொறுப்பான ஆள் என்ற இடத்தில் டீம் பெயர் எழுதக் கூடாது, ஒரு மனிதர் பெயர்தான். பெயர் கொடுக்க யாரும் முன்வராத மென்பொருள்கள் மூன்று இருந்தன. மூன்றையும் ரத்து செய்தேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

ஆள் விலகும்போது லேப்டாப் வாங்குவது, பிஎஃப் கணக்கு, அனுபவக் கடிதம் என்று ஹெச்ஆர் ஒரு படிவம் வைத்திருப்பார்கள் அல்லவா, அதில் இந்த நோட்டைப் பார்த்தாயிற்றா என்று ஒரு வரி சேருங்கள். கடைசிச் சம்பளம் போவதற்கு முன் அந்த வரியில் டிக் விழ வேண்டும். கூகுள் கணக்கை நீக்கினால் அதைக் கொண்டு நுழைந்த மற்ற தளங்களும் தானாக மூடிக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். நுழைய முடியாது, அவ்வளவுதான். அங்கே சீட்டும் பில்லும் அப்படியே ஓடும், ஒவ்வொன்றாகப் போய் நீக்க வேண்டும்.

எல்லாம் செய்து முடித்த அடுத்த மாதமும் பில் பழைய தொகைக்கே வந்தால் பதறாதீர்கள். மாத நடுவில் நீக்கிய சீட்டுக்கான பணம் பல இடங்களில் அடுத்த பில்லில்தான் கழியும், சில இடங்களில் கிரெடிட் நோட்டாக வரும். கிரெடிட் நோட்டு வந்தால் முன்பு எடுத்த உள்ளீட்டு வரியிலும் அந்த அளவைக் குறைத்துக் காட்ட வேண்டும், ஆடிட்டரிடம் அதை மறக்காமல் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது பில்லிலும் குறையவில்லை என்றால், ஆள் வாரியாகப் பிரித்த பில் வேண்டும் என்று விற்பனையாளருக்கு எழுதி, சம்பளப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் அறிகுறியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.